நுரையீரலில் நீர் கோப்பதும் வெள்ளை அணுக்களும்

சென்னையில் எந்த ஐசியு வாசலில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இது: "நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம்." கூடவே இன்னொரு கேள்வியும் வரும்: "அப்போ ட்யூப் போட்டு எடுத்துட வேண்டியதுதானே டாக்டர்?" நியாயமான கேள்விதான். ஆனால் "தண்ணி கோத்துக்கிச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

நுரையீரலைச் சுற்றி ஓர் உறை உண்டு. காசநோயில் அந்த உறைக்குள் நீர் சேர்வது நம் ஊரில் சாதாரணம். அதை ஊசி வைத்தோ குழாய் போட்டோ வெளியே எடுக்கலாம். அடுத்தது, இதயம் பலவீனமாகி, ரத்தம் பின்னுக்குத் தேங்கி, அந்த அழுத்தத்தால் நுரையீரலுக்குள் நீர் கசிவது. லேசிக்ஸ் ஊசி போட்டுச் சிறுநீரை அதிகமாகப் போகச்செய்தால் இது பெரும்பாலும் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கும். மூன்றாவதில் குழாய்க்கும் வேலையில்லை, லேசிக்ஸ் மட்டும் போட்டாலும் தீராது. காரணம், அங்கே நுரையீரலின் சுவரே சேதமாகியிருக்கிறது. ரத்தத்திலிருந்து புரதம் கலந்த நீர் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளுக்குள் இறங்கி நிற்கிறது. அத்தனை அறைக்கும் குழாய் போட முடியாது. இதற்குத்தான் திடீர் நுரையீரல் சேதம் என்று பெயர். முற்றிய நிலையை டாக்டர்கள் ஏ.ஆர்.டி.எஸ். என்பார்கள். 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளைக் கொண்டு இதை முதன்முதலில் விவரித்தார்கள். 2012-இல் வந்த பெர்லின் வரையறை பழைய பிரிவுகளை எடுத்துவிட்டு, எல்லா நிலைகளையும் ஏ.ஆர்.டி.எஸ். என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது.

அந்தச் சுவரைச் சேதப்படுத்துவதில் பெரும்பங்கு நம் சொந்த வெள்ளை அணுக்களுக்கு உண்டு. அவை ஏன் அப்படிச் செய்கின்றன, எங்கே தடம் மாறுகின்றன, சிகிச்சை அதை எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சுவர் எவ்வளவு மெல்லியது?

இரு நுரையீரல்களிலும் சேர்த்துச் சுமார் 30 முதல் 50 கோடி காற்றறைகள் உண்டு. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர், அதாவது சுமார் 750 சதுர அடி வரும். சென்னையில் ஒரு சின்ன டூ பெட்ரூம் ஃப்ளாட் அளவு. இவ்வளவு பரப்பிலும் காற்றையும் ரத்தத்தையும் பிரிப்பது ஒரே ஒரு மெல்லிய சுவர்தான். அதன் மெல்லிய பகுதிகள் அரை மைக்ரான்கூட இருக்காது. தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. ரத்தக்குழாய்ப் பக்கம் ஓர் அடுக்கு செல், காற்றுப் பக்கம் ஓர் அடுக்கு செல், நடுவே ஒரு சவ்வு, அவ்வளவுதான். ஆக்சிஜன் நொடிக்குள் கடந்துபோக இந்த மென்மை தேவை. சீக்கிரம் கிழிந்துபோவதற்கும் இதுவே காரணம்.

காற்றுப் பக்கத்தில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. தட்டையான முதல் வகைதான் பரப்பில் சுமார் 95 சதவீதத்தை மூடியிருக்கிறது. உருண்டையான இரண்டாம் வகை, காற்றறை ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க உதவும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருளைச் சுரக்கிறது. இந்த இரண்டாம் வகையைக் கடைசியில் மறுபடி பார்ப்போம். சுவரைத் திரும்பக் கட்டுவது அதுதான்.

யார் யார் அங்கே இருக்கிறார்கள்?

ஆரோக்கியமான நுரையீரலுக்குள் டியூபை விட்டு, உப்பு நீரால் கழுவி எடுத்துப் பார்த்தால், அதில் வரும் செல்களில் 85 சதவீதத்துக்கும் மேல் மேக்ரோஃபேஜ்களாக இருக்கும். இவை காற்றறைகளிலேயே குடியிருக்கும் காவலாளிகள். தூசு, புகை, கிருமி என்று மூச்சோடு வரும் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது இவற்றின் அன்றாட வேலை. லிம்ஃபோசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் 10, 15 சதவீதம் இருக்கலாம். நியூட்ரோஃபில் 3 சதவீதத்தைத் தாண்டாது. ஏ.ஆர்.டி.எஸ். வந்தவரின் நுரையீரலைக் கழுவினால் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நியூட்ரோஃபில்கள்தான் பெரும்பான்மையாக நிற்கும்.

நியூட்ரோஃபில் என்பது ரத்தத்தில் மிக அதிகமாக உள்ள வெள்ளை அணு. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. ரத்தத்தில் அவை உலவுவது பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவுதான். காயத்தில் வரும் சீழ் பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்களே. சளி பச்சையாக வருவதற்கும் அவற்றிலுள்ள மயலோபெராக்சிடேஸ் என்ற பச்சை நிற நொதிதான் முக்கியக் காரணம்.

ரங்கநாதன் தெருவில் சிக்கிய கூட்டம்

வயிற்றில் தொற்று, சிறுநீரகத்தில் தொற்று, கணையத்தில் அழற்சி. நோய் எங்கேயோ இருக்க, அடிபடுவது மட்டும் ஏன் நுரையீரலாக இருக்கிறது? அடுத்து வருவது முழுவதும் புரிய இந்தக் கேள்விதான் திறவுகோல்.

உடலின் மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் பங்கு பிரிந்துதான் போகிறது. நுரையீரலுக்கு மட்டும் மொத்த ரத்தமும், நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், ஒரு சொட்டு விடாமல் போகிறது. அங்குள்ள தந்துகிகளின் சராசரி விட்டம் நியூட்ரோஃபிலின் விட்டத்தைவிடச் சிறியது. தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் ஒருக்களித்து நடப்பதுபோல, நியூட்ரோஃபில் தன்னை நீளவாக்கில் நசுக்கிக்கொண்டுதான் நகர முடியும். சிவப்பணு எளிதாக வளைந்து ஒரு நொடியில் கடந்துபோகும் பாதையை இது கடக்கச் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள்வரை ஆகும். ஆகவே நோய் எதுவும் இல்லாத நாளிலும் நுரையீரல் தந்துகிகளில் ஒரு பெரிய நியூட்ரோஃபில் கூட்டம் எப்போதும் காத்து நிற்கிறது.

செப்சிஸில், அதாவது தொற்றுக்கு எதிராக உடல் கட்டுமீறிப் போராடும் நிலையில், எச்சரிக்கை ரசாயனங்கள் உடல் முழுக்கப் பரவுகின்றன. அவை பட்டவுடன் நியூட்ரோஃபிலின் உள்ளிருக்கும் ஆக்டின் இழைகள் இறுகுகின்றன. செல் விறைத்துப்போகிறது. விறைத்த செல்லால் நசுங்க முடியாது, அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பிறகு மேற்பரப்பிலுள்ள ஒட்டும் மூலக்கூறுகள் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்கின்றன. இப்படி வேறெங்கோ நடக்கும் போருக்குப் புறப்பட்ட படை, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நுரையீரலின் மெல்லிய சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

நிமோனியா, புரையேறி வயிற்று அமிலம் நுரையீரலுக்குள் போவது, நீரில் மூழ்குவது போன்றவற்றில் சேதம் காற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே முதல் குரல் கொடுப்பது மேக்ரோஃபேஜ். கிருமியின் துண்டுகளையோ சிதைந்த நம் செல்லின் துண்டுகளையோ அது தன் உணர்விகளால் கண்டுகொண்டு, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8 போன்ற தூதுகளை வெளியிடுகிறது. இவற்றில் இன்டர்லூக்கின்-8 நியூட்ரோஃபிலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போன்றது. மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்களும் பின்னாலேயே வந்து, உள்ளே புது மேக்ரோஃபேஜ்களாக மாறி, இரைச்சலை இன்னும் கூட்டுகின்றன.

சென்னையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதற்கு இன்னும் சில வாசல்கள் திறக்கின்றன. தேங்கிய நீரில் கால் புண்ணோடு நடப்பதால் வரும் எலிக்காய்ச்சல், குளிர் மாதங்களில் கூடும், நுண்ணிய பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், கடுமையான டெங்கு ஆகிய மூன்றும் நுரையீரலைத் தாக்கக்கூடியவை. ஸ்க்ரப் டைஃபஸில் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்தவரின் உடலை முழுதாகத் தேடிப் பார்ப்பது அவசியம்.

என்னென்ன ஆயுதங்கள்?

நியூட்ரோஃபிலிடம் மூன்று ஆயுதங்கள் உண்டு. முதலாவது, உள்ளே சிறு சிறு பைகளில் அடைத்து வைத்திருக்கும் நொதிகள். அவற்றில் கொடியது எலாஸ்டேஸ். கிருமியின் புரதத்தை வெட்டும் அதே கத்திதான், நுரையீரலின் மீள்தன்மைக்குக் காரணமான எலாஸ்டின் இழைகளையும், சுவர்ச் செல்களை இணைக்கும் தையல்களையும் வெட்டுகிறது. இரண்டாவது, ஆக்சிஜனிலிருந்து உருவாக்கும் ரசாயனங்கள். மயலோபெராக்சிடேஸ் நொதி குளோரைடைக் கொண்டு ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கிறது. மழை வெள்ளம் வடிந்த பிறகு மாநகராட்சி ஊழியர்கள் தெருவில் தூவுகிறார்களே பிளீச்சிங் பவுடர், அது கிருமியைக் கொல்வதும் இதே அமிலத்தால்தான். தெருவுக்குச் சரி. அரை மைக்ரான் சுவருக்கு?

மூன்றாவது 2004-இல்தான் தெரியவந்தது. நியூட்ரோஃபில் தன் சொந்த டி.என்.ஏ. இழைகளை வலைபோல வெளியே வீசுகிறது. அந்த வலையில் நொதிகளும் ஹிஸ்டோன் புரதங்களும் ஒட்டியிருக்கும். கிருமி மாட்டிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் ஹிஸ்டோன்கள் குழாய்ச் சுவரின் செல்களுக்கு நஞ்சு. வலையில் தட்டணுக்களும் சிக்கி நுண்ணிய ரத்தக்கட்டிகள் உருவாகும்.

உடல் இதற்குத் தடுப்பு வைக்காமல் இல்லை. கல்லீரல் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தைத் தயாரித்து, தப்பி வரும் எலாஸ்டேஸைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. ஆனால் நியூட்ரோஃபிலின் ரசாயனங்கள் இந்தப் புரதத்தையே செயலிழக்கச் செய்துவிடுகின்றன. கத்தியை வீசுபவனே காவல்காரனின் கையையும் கட்டிவிடுகிறான். அழற்சி ஓர் அளவைத் தாண்டியபின் தன்னைத்தானே வளர்த்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

சுவர் கசிந்த பிறகு நடப்பவை வேகமானவை. புரத நீர் காற்றறையை நிரப்புகிறது. அந்தப் புரதம் சர்ஃபாக்டன்டைக் கெடுக்கிறது, அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. செத்த செல்களும், ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரின் என்ற புரதமும் சேர்ந்து கண்ணாடிபோன்ற படலமாக உள்சுவரில் படிகின்றன. ரத்தம் அந்த அறைகளைச் சுற்றி ஓடுகிறது, ஆனால் காற்றைச் சந்திக்காமலேயே திரும்பிவிடுகிறது. "ஆக்சிஜனைக் கூட்டிக்கிட்டே போறாங்க, சாச்சுரேஷன் ஏறவே மாட்டேங்குதே" என்று குடும்பத்தார் தவிப்பது இதனால்தான். மூடிய அறைக்குள் ஆக்சிஜன் போகவே இல்லை.

இதை அளக்க டாக்டர்கள் பி.எஃப். விகிதம் பார்க்கிறார்கள். தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் (0.21) அழுத்தம் 95 என்றால் 450-ஐ ஒட்டி வரும். 60 சதவீத ஆக்சிஜனிலும் (0.6) அழுத்தம் 72-தான் என்றால், விகிதம் 120. பெர்லின் வரையறைப்படி 200-க்கு மேல் 300 வரை லேசானது, 100-க்கு மேல் 200 வரை நடுத்தரம், 100-உம் அதற்குக் கீழும் கடுமையானது. கூடவே, காரணம் நேர்ந்து ஒரு வாரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் இரு பக்கமும் வெண்மை படர்ந்திருக்க வேண்டும், இதயப் பழுதால் மட்டும் வந்ததாக இருக்கக் கூடாது.

அப்படியானால் நியூட்ரோஃபிலை ஒழித்துவிடலாமா?

இங்கேதான் பலரும் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கீமோதெரபிக்குப் பிறகு நியூட்ரோஃபில் ஏறத்தாழ இல்லாத நோயாளிகளுக்கும் ஏ.ஆர்.டி.எஸ். வருகிறது. கிருமியின் நஞ்சும், மேக்ரோஃபேஜும், தட்டணுக்களும், வைரஸ் நேரடியாகக் கொல்லும் செல்களுமே சுவரைக் கசியவைக்கப் போதும். இன்னொரு பக்கம், நியூட்ரோஃபில் காற்றறைக்குள் வந்தாலே சேதம் என்றும் இல்லை. சுவரைக் கிழிக்காமல் செல்களின் இடுக்கு வழியே நுழைந்து, வேலையை முடித்து, அங்கேயே அமைதியாகச் சாகவும் அதற்குத் தெரியும். அது வரும்போது எவ்வளவு தூண்டப்பட்டிருக்கிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, போன பிறகு யார் சுத்தம் செய்கிறார்கள் என்பவைதான் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

மருந்தாலும் முயன்று பார்த்தாயிற்று. எலாஸ்டேஸைத் தடுக்கும் சிவெலெஸ்டாட் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்தது. பல நாடுகளில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2004-இல் வெளியானது. மருந்து 28 நாள் இறப்பைக் குறைக்கவில்லை, நீண்டகால இறப்பு மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்ததால் சோதனையையே இடையில் நிறுத்தினார்கள். ஒரே ஓர் ஆயுதத்தைப் பிடுங்கினால் போதும் என்ற எண்ணம் அத்தோடு அடிபட்டது.

ரத்த ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

டோட்டல் கவுண்ட், அதாவது ரத்தத்தில் உள்ள மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை, 4,000 முதல் 11,000 வரை இயல்பு. 18,000 என்று பார்த்தவுடன் பயந்துபோவதும், மறுநாள் 12,000 என்று பார்த்து நிம்மதி அடைவதும் இயற்கைதான். ஆனால் அந்த எண் ரத்தக்குழாயில் ஓடும் அணுக்களை மட்டுமே சொல்கிறது. நுரையீரலில் சிக்கி நிற்பவை அதில் சேராது. கடும் செப்சிஸின் தொடக்கத்தில் அணுக்கள் சுவர்களில் ஒட்டிக்கொண்டும் செலவழிந்தும் போவதால் கவுண்ட் 2,000, 3,000 என்று சரியலாம். அது நல்ல செய்தி ஆகாது. ஸ்டீராய்டு கொடுத்த மறுநாள் கவுண்ட் சில ஆயிரம் ஏறுவதும் உண்டு. சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்துக்கு வருவதுதான் பெரும்பாலும் காரணம். தொற்று மோசமாகிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். டெங்குவில் கவுண்ட் குறைவாக இருப்பது வழக்கம். கொரோனாவில் லிம்ஃபோசைட் குறைந்துகொண்டே போவது நோய் கடுமையாவதன் அடையாளமாக இருந்தது. வெள்ளை அணுக்களை வகைவாரியாகச் சொல்லும் டிஃபரென்ஷியல் கவுண்ட்டில் முதிராத நியூட்ரோஃபில்கள் கூடியிருந்தால், மஜ்ஜை அவசரமாகப் படையை அனுப்புகிறது என்று பொருள்.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கவுண்ட்டைவிட முக்கியமானது மூச்சு எண்ணிக்கை. படுத்திருக்கும்போது ஒரு முழு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 இயல்பு. 24-ஐத் தாண்டினாலோ, ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 30-ஐத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வென்டிலேட்டரும் அடிக்கும்

உயிர்காக்கும் கருவியே வெள்ளை அணுக்களை மறுபடி தூண்டிவிடலாம் என்பதைப் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் நுரையீரலின் பெரும்பகுதி மூடிக்கிடக்கிறது. திறந்திருக்கும் சின்னப் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே இருக்கலாம். அதற்குள் பெரியவருக்கான காற்றைத் திணித்தால் அந்தச் செல்கள் அளவுக்குமீறி இழுபடுகின்றன. இழுபட்ட செல் இன்டர்லூக்கின்-8 போன்ற அதே அபாயக் குரல்களை எழுப்புகிறது, நியூட்ரோஃபில் கூட்டம் மறுபடி ஓடிவருகிறது.

861 பேரைக் கொண்ட அமெரிக்கச் சோதனை 2000-இல் இதற்கு விடை சொன்னது. ஒரு மூச்சுக்கு, கிலோ எடைக்கு 12 மி.லி. காற்று பெற்றவர்களில் 39.8 சதவீதம் பேரும், 6 மி.லி. பெற்றவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்தார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 அளவும் 6 மி.லி. பெற்றவர்களிடம் குறைந்திருந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை, காற்றின் அளவைக் குறைத்தார்கள், அவ்வளவே. தராசு காட்டும் எடையை இந்தக் கணக்குக்கு எடுக்கக் கூடாது என்பது முக்கியம். உயரத்திலிருந்து வரும் எடைதான் கணக்கு, ஏனென்றால் உடல் பருத்தாலும் நுரையீரல் பெருக்காது. ஆண்களுக்கு, செ.மீ.யில் உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு 50-க்குப் பதில் 45.5. 165 செ.மீ. உயர ஆணுக்கு 61.5 கிலோ, ஆக ஒரு மூச்சுக்குச் சுமார் 370 மி.லி. அவர் 90 கிலோ இருந்தாலும் அதேதான். உள்ளே தங்கும் அழுத்தம் 30 செ.மீ. நீர் அளவைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்கிறார்கள்.

குப்புறப் படுக்கவைப்பதைச் சென்னை மக்கள் 2021-இன் இரண்டாம் அலையில் கற்றுக்கொண்டார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் கடுமையான நோயாளிகளை ஒரே தடவையில் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்தபோது, 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்ததை 2013-இல் ஒரு பிரெஞ்சுச் சோதனை காட்டியது. முதுகுப் பக்க அறைகள் திறக்கின்றன, காற்று சீராகப் பரவுகிறது, எந்த ஒரு பகுதியும் அளவுக்குமீறி இழுபடுவதில்லை.

ஸ்டீராய்டு எப்போது என்பதுதான் கேள்வி. 2020-இல் பிரிட்டனில் நடந்த ரிகவரி சோதனையில், நாளுக்கு 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அவர்களில் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு 17.8, பெறாதவர்களிடம் 14 சதவீதம். வெள்ளை அணுக்கள் வைரஸோடு போராட வேண்டிய நேரத்தில் அவற்றின் கையைக் கட்டுவது உதவாது. அவை சுவரை உடைக்கும் நேரத்தில் கட்டுவது உயிரைக் காக்கும். கடையில் தானாக ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொள்வதை டாக்டர்கள் அவ்வளவு கண்டிப்பதன் காரணம் இதுதான். கூடவே சர்க்கரை நோயும் இருந்தால் கருப்புப் பூஞ்சை என்ன செய்யும் என்பதை 2021 காட்டியது.

ரத்தம் ஏற்றிய 6 மணி நேரத்துக்குள் திடீரென மூச்சுத்திணறல் வந்தாலும் இதே கதையாக இருக்கலாம். தானம் தந்தவரின் பிளாஸ்மாவிலுள்ள எதிர்ப்பொருள்கள், நோயாளியின் நுரையீரலில் ஏற்கெனவே கூடி நிற்கும் நியூட்ரோஃபில்களைத் தட்டிவிடுகின்றன. பலமுறை கருவுற்ற பெண்களின் பிளாஸ்மாவில் இந்த எதிர்ப்பொருள்கள் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பல நாடுகளில் பிளாஸ்மாவை ஆண்களிடமிருந்தே எடுக்கிறார்கள். ரத்தம் ஏறும்போது மூச்சு வாங்கினால் உடனே நர்ஸிடம் சொல்லி ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும் கட்டம்

நியூட்ரோஃபில் முறையாகச் செத்தால் தன் நொதிகளைச் சிந்தாமல் மூட்டைகட்டிக்கொண்டு சாகும். மேக்ரோஃபேஜ் அந்த மூட்டையை விழுங்கும். விழுங்கியதும் அதன் குணமே மாறுகிறது. "ஓடிவாருங்கள்" என்று கூவிக்கொண்டிருந்தது, "போதும், கட்டத் தொடங்குங்கள்" என்ற தூதுகளை அனுப்ப ஆரம்பிக்கிறது. லிம்ஃபோசைட்டுகளில் ஒழுங்குபடுத்தும் வகை இதற்குத் துணைநிற்கிறது. ஆனால் ஏ.ஆர்.டி.எஸ். நுரையீரலில் நியூட்ரோஃபிலின் ஆயுளை நீட்டும் சுரப்புகள் நிறைந்திருப்பதால், சாக வேண்டியவை சாகாமல் தங்குகின்றன. தாமதமாகச் சிதைந்து சாகும்போது உள்ளிருப்பதெல்லாம் சிந்துகிறது.

எல்லாம் சரியாக நடந்தால், முதல் வாரத்துக்குப் பிறகு இரண்டாம் வகைச் செல்கள் பெருகி, தட்டையாகி, வெறுமையான சுவரை மூடுகின்றன. சோடியத்தை உறிஞ்சி, அதன் பின்னால் நீரையும் இழுத்து அறையைக் காலிசெய்கின்றன. நீர் முதலில் போகும், புரதம் மெதுவாகத்தான் அகலும். சிலருக்கு மட்டும் இந்தக் கட்டம் வழிதவறி நார்த்திசு படிகிறது, நுரையீரல் விறைக்கிறது, வென்டிலேட்டரிலிருந்து விடுபட நாளாகிறது.

வீடு திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் அளவுகள் 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் இயல்பை நெருங்கிவிடும். கைகால் தசைகளின் பலவீனம் அதைவிட நீளும். அதனால் பிசியோதெரபியை நிறுத்தக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது சாச்சுரேஷன் 97 இருந்தாலும், வீட்டுக்குள் 6 நிமிடம் நடந்தபின் ஒருமுறை பார்க்க வேண்டும். நடக்கும்போது 4 புள்ளிக்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே வெண்மை எப்போதும் பின்தங்கித்தான் தெளியும். மூச்சு நன்றாக இருந்து படம் மட்டும் மங்கலாக இருந்தால், மேக்ரோஃபேஜ்கள் இன்னும் சுத்தம் செய்துகொண்டிருக்கலாம்.